12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி: காரைக்குடி வங்கி வாசலில் 11 வருடம்

ராணுவத்தில் 17 வருடம் முடித்து ஊர் திரும்பிய கையோடு, காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் காவலர் வேலை கிடைத்தது. 2013 முதல் 2024 வரை என் தோளில் கிடந்தது அரசு ஆயுதத் தொழிற்சாலையின் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. உரிமம் வங்கியின் பேரில் இருந்தது. அதை வைத்திருக்க அனுமதி பெற்றவன் என்ற முறையில் என் பெயர் அதில் ஏறியிருந்தது.

போர் (bore) என்பது குழலின் வாய் அளவு. முதலில் இந்த 12 என்ன கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். விட்டம் சுமார் 18.5 மி.மீ. எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். பழைய போலீஸ்காரர்கள் சொல்லும் 410 மஸ்கட் துப்பாக்கிக்கு மட்டும் கணக்கு வேறு, அது 0.410 அங்குலம். பழைய 303 ரைஃபிள் அமைப்பில் வரியில்லாத, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள் இல்லாத, வழவழப்பான குழல் வைத்து, தோட்டாக்களை அடுக்கும் மேகசினை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி போலீசுக்கென்று மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள்.

11 வருடத்தில் நான் சுட்டதெல்லாம் பயிற்சித் தளத்தில்தான். என் துப்பாக்கியில் முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. இடது குழலின் வாய் சற்று இறுக்கம், அதனால் தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது ஈய உருண்டைகள், அதிகம் சிதறாது. எல்ஜி எனப்படும் பெரிய ரவைத் தோட்டாவின் ரவை ஒவ்வொன்றும் சுமார் 9 மி.மீ., கைத்துப்பாக்கிக் குண்டின் பருமன். 20 அடியில் எல்லாம் சேர்ந்து உள்ளங்கை அகலத்தில் விழும். 20 கஜம் தள்ளிப் போனால் ஒரு முறம் அகலத்துக்குப் பரவிவிடும். பரவுகிறதே, குறி தப்பாது என்று பலர் நினைக்கிறார்கள். நகைக்கடன் கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும் கூடத்தில் அதே பரவல்தான் என்னைப் பயமுறுத்தியது. ஆளைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு ரவைக்கும் நான்தான் பொறுப்பு.

இந்தத் துப்பாக்கியில் எனக்குப் பிடித்த அம்சம் அதன் வாய் அல்ல, கீல். மேலே உள்ள நெம்புகோலைத் தள்ளினால் குழல் இரண்டும் மடிந்து தொங்கும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று எதிரில் நிற்பவருக்கும் தெரியும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றானபோது வரிசை வாசல் படியிலிருந்து தெருமுனை வரை போயிற்று. இரண்டாம் நாள் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை கையை நீட்டி என் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிட்டு, கூட்டம் வடியும்வரை தோட்டாவை இடுப்பு பெல்ட்டில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியை மடித்து முழங்கை மேல் போட்டுக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்து ஒரு பெரியவர், "இப்பத்தான் பக்கத்துல நிக்கவே தைரியமா இருக்கு தம்பி" என்றார்.

என் மச்சான் மகன் ஆயுதப்படையில் இருக்கிறான். அவன் கையாண்டது பம்ப் ஆக்‌ஷன். குழலுக்கு அடியில் ஒரு நீள உறையில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும், முன்கட்டையைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் அடுத்தது ஏறும். வேகம் கூடுதல்தான். ஆனால் காலியா என்று பார்க்க, தோட்டா உட்காரும் அறையையும் உறையையும் விரல் விட்டுத் தடவ வேண்டும். ஒருநாள் அவன் கேட்டான், "மாமா, ரஷ்யாக்காரங்க 23 மி.மீ.ல வச்சிருக்காங்களாமே?" உண்மைதான், கேஎஸ்-23. சிறைக் கலவரங்களை அடக்க சோவியத் காலத்தில், 1970களில் உருவானது. 23 மி.மீ. பீரங்கிக்குச் செய்து தரத்தில் கழிந்த குழல்களை வெட்டி அதற்குப் பயன்படுத்தினார்கள். குழலுக்குள் வரி இருப்பதால் அதைக் கார்பைன் (குட்டை ரைஃபிள்) என்றே அழைக்கிறார்கள். அவ்வளவு பெரிய வாயில் கண்ணீர்ப்புகைக் குண்டு, ரப்பர் குண்டு எல்லாம் போகும். கூட்டத்தை எட்ட நிறுத்த அது சரி. வங்கி வாசலுக்கு என்ன வேலை அதற்கு?

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டரை அடிக் குழல், கிரில் கதவுக்குள் நுழையும்போதெல்லாம் இடிக்கும். ஒருமுறை இடித்ததில் இடது குழலில் பள்ளம் விழுந்தது. இதன் குழல் சுவர் மெல்லியது, பள்ளத்தோடு சுடக்கூடாது. பழுதுபார்க்க அனுமதி வர நாலு மாதம் ஆயிற்று. அதுவரை ஒரு குழலோடு நின்றேன். தோட்டா விஷயம் அதைவிட மோசம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உறை ஊதிப்போய் அறைக்குள் போக மறுத்தது, பித்தளை அடியில் பச்சைக் களிம்பு. நாலு கடிதம் எழுதிய பிறகே புதிய தோட்டா வந்தது. வியர்வைக் கை பட்ட இடத்தில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். தினமும் எண்ணெய்த் துணி, வாரம் ஒருமுறை ராடு விட்டுச் சுத்தம். இதில் நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் வேலை தெரிந்து கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார்கள். "எங்க ஐயா ரெங்கோன்லேர்ந்து கொண்டாந்தது தம்பி, சுடுமான்னு பாருங்க" என்று உரிமப் புத்தகத்தையும் சேர்த்தே நீட்டினார்கள். மடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். முகப்புத் தூணின் தேக்கில் ஓடும் ரேகை போல, குழல் முழுக்கச் சுழி சுழியாக வரி. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழல், கருமருந்துக் காலத்தது, இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்குச் செய்ததல்ல. "இதுல இன்னிக்குத் தோட்டா போட்டா குழலே வெடிச்சுரும் ஆச்சி, யாரையும் சுடவிடாதீங்க" என்றேன். கண் கலங்கிவிட்டார்கள்.

கடைசி நாள் புதுக் காவலரிடம் ஒப்படைத்தபோது மடித்துக் கொடுத்தேன். அவரும் ராணுவக்காரர், வாங்கிய உடனே குழலைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இடது குழலில் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, பள்ளம் எடுத்த இடத்தில் ராடு விடும்போது துணி லேசாகப் பிடிக்கும், அங்கே இழுக்காமல் திருப்பி விடுங்கள் என்று சொல்லிவிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் வைத்தேன்.