அதிபர் சேவைப் பரீட்சை வகுப்பு: நிர்வாகத்துக்குப் போகலாம், தலைமைத்துவத்துக்கு வேண்டாம்

ஆசிரியர்கள் பாடசாலை அதிபராவதற்கு எழுதும் அதிபர் சேவை தரம் 3 மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைக்கு வர்த்தமானி வெளிவந்தால் போதும், யாழ்ப்பாணத்து மதில்களில் வகுப்பு நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். இங்கே பார்ப்பது நகரில், பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு ரியூட்டரி மண்டபத்தில் சனி ஞாயிறு நடக்கும் வகுப்பை. படிப்பிப்பவர்கள் மூவர். ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர், மற்றவர் வலயக் கல்வி அலுவலகத்தில் நிர்வாகம் பார்த்தவர், மூன்றாமவர் நுண்ணறிவு வினாக்களுக்கு மட்டும் வருபவர்.

நுண்ணறிவுப் பகுதிக்காக மட்டும் யாரும் சேர வேண்டாம். எண் தொடர், உருத் தொடர், திசை என்று வழக்கமான கணக்குகள்தான். கடையில் வாங்கும் பயிற்சிப் புத்தகம் ஒன்றையும் ஒரு மணிக்கூட்டையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பழகலாம்.

காசுக்குப் பெறுமதி நிர்வாகப் பாடத்தில் இருக்கிறது. அதைப் படிப்பிக்கும் வலய அலுவலக ஐயா குறிப்புச் சொல்லி எழுதவிடுவதில்லை. ஒரு சம்பவத்தைக் கொடுத்து, “இப்ப காலமை 7.15. நீங்கள்தான் அதிபர். முதல் என்ன செய்வியள்?” என்று கேட்பதோடு பாடம் தொடங்குகிறது. உதாரணமாக, ஒரு 1சி (உயர்தரக் கலை, வர்த்தக வகுப்புகள் உள்ள) பாடசாலையில் கணினி அறை உடைக்கப்பட்டு இரண்டு மடிக்கணினிகளைக் காணவில்லை. பெரும்பாலானவர்கள் உடனே எழுதுவது “விசாரணைக் குழு அமைத்தல், காவலாளியைப் பணிநீக்கல், விழிப்புணர்வுக் கூட்டம்”. மூன்றையும் வெட்டிவிட்டு அவர் சொல்லும் ஒழுங்கு இது. அறையை யாரும் தொடாமல் பூட்டு. சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் (லொக் புக்) நேரத்தோடு பதிவு. பொலிஸ் முறைப்பாடு. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு தொலைபேசியில் சொல்லிவிட்டு எழுத்திலும் அறிவிப்பு. பொருட் பதிவேட்டில் அந்தக் கணினிகளின் இலக்கத்தைச் சரிபார்ப்பு. பிறகு அரச நிதி விதிகளான நிதிப் பிரமாணம் 104(3) இன்படி ஏழு நாளுக்குள் ஆரம்ப அறிக்கை, 104(4) இன்படி மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை. காவலாளியை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு இல்லை, ஒழுக்காற்று நடைமுறை அரச ஊழியர் விதிகளைக் கொண்ட தாபனக் கோவை இரண்டாம் தொகுதியின் 48ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சாவி அதிபரின் பொறுப்பில் இருந்தால் அவரே விசாரணைக் குழுவில் இருக்கவும் கூடாது. இந்தக் கடைசி விடயத்தை வகுப்பில் பாதிப்பேர் தவறவிடுகிறார்கள்.

ஆசிரியர் பிள்ளைக்கு அடித்த சம்பவத்தையும் இப்படியே பிரிக்கிறார். பெற்றாரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி முடித்துவிடுவதுதான் நம்மூரில் பலர் எழுதும் விடை. உடல் தண்டனையைத் தடைசெய்யும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை இருக்கும்போது அந்த விடை நிற்காது. பிள்ளைக்கு முதலில் மருத்துவம், பிறகு இரு தரப்பு வாக்குமூலம், அதன்பின் வலயத்துக்கு அறிக்கை. சம்பவத் திரட்டில் “நடந்தது” மட்டும் எழுதவேண்டும், “நான் நினைக்கிறேன்” வரக்கூடாது, வெட்டித் திருத்தினால் பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும் என்று ஒரு பக்கத்தை எழுதவைத்தே திருத்துகிறார். ஏற்கெனவே கடமை நிறைவேற்று அதிபராக இருப்பவர்களுக்குப் பரீட்சையை விட்டாலும் இந்தப் பாடம் உதவும்.

தலைமைத்துவப் பாடத்தில்தான் வகுப்பு சறுக்குகிறது. மாஸ்லோவின் தேவைப் படிநிலை, மக்கிரெகரின் எக்ஸ் வை கோட்பாடு, நிலைமாற்றத் தலைமைத்துவம், பகிரப்பட்ட தலைமைத்துவம் என்று ரியூட்டில் (வகுப்பில் தரும் அச்சுக் குறிப்பு) வரைவிலக்கணங்கள் அடுக்கியிருக்கின்றன. ஓய்வுபெற்ற அதிபர் ஐயாவிடம் சரக்கு இல்லாமலில்லை, இடைவேளையில் தேத்தண்ணியோடு அவர் சொல்வதில் பாதியை மேடையில் சொன்னாலே போதும். பாடத்தில் ஒப்புவிப்புத்தான். தரம் 9 பொடியன் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்று ஒரு பிரச்சினை கொடுத்தால், கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என்று எழுதினாலே புள்ளி என்கிறார்கள். வரவு இடாப்பில் எத்தனையாம் நாள் வகுப்பாசிரியர் கவனித்தார், வீட்டுக்குப் போனது யார், கிராம சேவையாளரிடம் எப்போது பேசுவது, திரும்பி வந்தால் விட்ட பாடத்துக்கு என்ன வழி என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

வகுப்பறை மேற்பார்வையும் ஒரே ஒரு தாள். ஒரு பாடவேளையைக் கவனிக்க முன்னர், எதைப் பார்க்கப்போகிறோம் என்று ஆசிரியரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். பார்த்த அன்றே, மற்றவர்கள் இல்லாத இடத்தில் பேசவேண்டும். பேச்சில் ஒரு குறையும் அதைத் திருத்த ஒரு வழியும் வந்தால் போதும். இந்த ஒழுங்கு தாளில் இல்லை, சரி பிழை போடும் அட்டவணை மட்டும் இருக்கிறது. அந்த அட்டவணையோடு வகுப்புக்குள் நுழையும் அதிபரை ஆசிரியர்கள் பொலிஸ்காரர் போலத்தான் பார்ப்பார்கள். இந்தப் பகுதியை ஒழுங்காகப் படிக்க விரும்புவோருக்கு தேசிய கல்வி நிறுவகத்தின் மீப்பே கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையப் பயிற்சிகள்தான் பொருத்தம். அவை வார இறுதி வகுப்புக்கு மாற்றீடு அல்ல என்பதும் உண்மை.

நேர்முகத்துக்கான ஆலோசனை நல்லது, ஆனால் பிந்தி வருகிறது. நியமனக் கடிதம், தகைமைச் சான்றிதழ்கள், இணைப்பாடச் செயற்பாட்டுச் சான்றுகள் எல்லாவற்றையும் மூலப்பிரதியும் கொப்பியுமாக ஒரே பைலில் ஒழுங்குபடுத்தச் சொல்கிறார்கள். வலயத்தில் கையொப்பம் எடுக்க வேண்டிய கடிதங்களுக்கு நாள் எடுக்கும், ஆகவே இதை முதல் மாதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கட்டணத்தை மொத்தமாக முதலிலேயே வாங்குகிறார்கள், இடையில் நின்றால் திருப்பித் தருவதில்லை. ரியூட்டுக்குத் தனியாகக் காசு. காலைப் பாடம் எட்டு மணிக்கு என்பதால் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் வருபவர்கள் முதல் பாடத்தைத் தவறவிடுவார்கள், நிர்வாகப் பாடம் வருவதோ அந்த நேரத்தில்தான். பதிவுசெய்ய முன்னர் அதைப் பின்னேரத்துக்கு மாற்றுவார்களா என்று கேளுங்கள். எழுதிக்கொடுக்கும் சம்பவ விடைகளைத் திருத்தித் திருப்பித் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஆள் கூடிய அணிகளில் அது நின்றுபோகிறது.