திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றும் என் மூன்று கையெழுத்துப்படிகளும்

பதிப்பகம் எதையும் சாராமல் எழுதிப் பிழைப்பவர்களுக்கு, கணினிக் கோப்பைப் புத்தகமாக்கித் தரும் அச்சகம்தான் பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துநர், சில வேளைகளில் முதல் வாசகரும்கூட. கடந்த ஒன்றரை ஆண்டில், திருவல்லிக்கேணிக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவே ஒரு முதல் மாடியில் இயங்கும் சிறிய டிஜிட்டல் அச்சகத்தில் மூன்று வேலைகளைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஒன்று 72 பக்கக் கவிதைத் தொகுப்பு. இன்னொன்று வேதாரண்யம் உப்பளங்களைப் பற்றிய பயண நூல். மற்றொன்று, கழிவுநீர்த் தொட்டிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் சட்டம் தரும் உரிமைகளை விளக்கும் 16 பக்கச் சிறுவெளியீடு. குறைகளையும் எழுதப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். அந்தப் பகுதியில் இதே அளவில் இயங்கும் அச்சகங்கள் பல இருப்பதால், எந்தப் படியேறினாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இது உதவக்கூடும்.

கவிதைத் தொகுப்பில் 150 பிரதிகள் அச்சிட்டேன். ஆஃப்செட் அச்சில், பக்கங்களைப் பதிக்கும் தகட்டுக்கான (பிளேட்) செலவு 150 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால் குறைந்த எண்ணிக்கைக்கு அது கட்டுப்படியாகாது. டிஜிட்டலில் அந்தச் செலவே இல்லை. டெமி என்னும் வழக்கமான நூல் அளவு, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையுள்ள, நேச்சுரல் ஷேட் எனப்படும் இளம்பழுப்புத் தாள், மேட் லேமினேஷன் செய்த அட்டை, எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 62 ரூபாய் ஆயிற்று. பாதிப் பணம் முன்பணம். விலை நியாயமானது என்றே சொல்வேன். பத்திரிகைகள் பயணக் கட்டுரைக்குத் தரும் சன்மானமும், தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளை மொழிபெயர்ப்பதில் வரும் தொகையும்தான் என் வீட்டு வாடகையைக் கட்டுகின்றன. அதுவும் 10 சதவீத வரிப் பிடித்தம் போக, கேட்டுக் கேட்டு மூன்றாம் மாதம் வந்து சேர்வது. கவிதை அந்தப் பணத்தைத் தின்று வளர்கிற பிள்ளை. ஆகவே 62 என்பதையும் 70 என்பதையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு வசதியில்லை.

ஆனால் நான் அங்கே திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் விலையன்று, பக்க வடிவமைப்பு செய்யும் பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கடையில் எல்லோருக்கும் அவர் அக்கா, இப்போது எனக்கும். கணினிகளில் இன்று பொதுவாக வழங்கும் யூனிகோட் குறியீட்டில் தட்டச்சு செய்த என் கோப்பை அவர்கள் தங்கள் பழைய மென்பொருளுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் பதிவாகிறது. பழைய எழுத்துருக்களிலோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, மெய்க்கு முன்னால், தனியெழுத்தாக நிற்கிறது. மாற்றும்போது மென்பொருள் அதைத் தனிக்குறியாகக் கருதி அங்கேயே வரியை உடைத்துவிடுவதுண்டு. என் முதல் புரூஃபில் ‘தோணி’ என்ற சொல்லின் இரட்டைக்கொம்பு ஒரு வரியின் கடைசியில் தன்னந்தனியாக நிற்க, அடுத்த வரி ‘தாணி’ என்று தொடங்கியிருந்தது. நான் அதற்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டு போனபோது, அக்கா தம் பிரதியில் பென்சிலால் ஏற்கெனவே பதினோரு இடங்களில் வட்டம் போட்டு வைத்திருந்தார். நான் கண்டுபிடித்தவை ஏழு.

அதைவிட முக்கியமானது அவர் கேட்ட ஒரு கேள்வி. திரையில் ஒரு கவிதையைச் சுட்டிக்காட்டி, “மேடம், இந்த வரி இங்கயே உடையணுமா, இல்ல நீங்க தட்டும்போது தானா உடைஞ்சுதா?” என்றார். கவிதை நூல் அச்சிடும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், இதுவரை வேறெங்கும் என்னை யாரும் கேட்டதில்லை. பக்க அகலத்துக்குள் அடங்காத நீண்ட வரிகளின் மிச்சச் சொற்களைச் சற்று உள்ளே தள்ளி வைத்து, அது புதிய வரியல்ல என்று வாசகருக்குத் தெரியும்படி அவர் அமைத்துக் கொடுத்தார். 43 கவிதைகளையும் இப்படி ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க இரண்டு பிற்பகல்கள் ஆயின. அதற்குத் தனிக்கட்டணம் இல்லை, இரண்டு முறை தேநீர் வந்ததுதான் மிச்சம்.

தொகுப்பின் முதுகு மட்டும் எனக்கு மனக்குறை. 72 பக்கத்தில் முதுகு மெலிந்துவிடுவதால் அதில் தலைப்பை அச்சிட்டால் இங்கொன்றும் அங்கொன்றுமாக விலகி அட்டைப் பக்கம் வழிந்துவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள், வெறுமையாகவே விட்டோம். அலமாரியில் செருகியதும் என் புத்தகம் பெயரில்லாத ஒரு கோடாகிவிடுகிறது. இதில் அச்சகத்தின் தவறு எதுவுமில்லை, நான் இன்னும் இருபது கவிதைகள் எழுதியிருக்க வேண்டும்.

சிறுவெளியீட்டை 500 பிரதிகள், நடுவில் பின் அடித்து வாங்கினேன். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் அதில் இருந்தன. 2014 மார்ச்சில் வந்த தீர்ப்பு இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தி, நிரந்தர ஊனமுற்றவருக்குக் குறைந்தது 20 லட்சம் என்றும் கூறியது. நான் பழைய பதிப்பின் கோப்பைத் திருத்திக் கொடுத்தபோது உள்பக்கங்களைச் சரிசெய்துவிட்டுப் பின்னட்டையை மறந்திருந்தேன். “உள்ள 30, வெளிய 10 போட்டிருக்கு, எது சரி?” என்று இரவு எட்டரைக்குத் தொலைபேசியில் அக்கா கேட்டார். அப்படியே அச்சாகியிருந்தால், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்கப்போகும் ஒரு பெண்ணின் கையில் நானே 20 லட்சத்தைக் குறைத்துக் கொடுத்திருப்பேன். எழுத்து வாசித்துப் பழகாதவர்களும் படிப்பார்கள் என்பதால் 14 புள்ளி அளவு எழுத்து வைக்கலாம் என்று சொன்னதும் அவரே.

இவ்வளவு சொன்ன பிறகு, பயண நூலைப் பற்றிச் சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளிப் பக்கம் இரண்டு கோடைகள் திரிந்து எடுத்த படங்கள் அந்த நூலில் 24 இருந்தன. பெரும்பாலானவற்றில் வெயிலில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை உப்புக் குவியல். அதை அவர்கள், கவிதைக்குப் போட்ட அதே நேச்சுரல் ஷேட் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். எழுத்துக்கு இதமான அந்தப் பழுப்பு நிறத் தாளில் உப்பு வெல்லமாகிவிட்டது. பாத்தி ஓரத்தில் நிற்கும் தொழிலாளியின் முகம் கரிக்கட்டை. படங்களுக்கு வழவழப்பான ஆர்ட் பேப்பரைத் தனிப் பக்கக் கட்டாகச் சேர்க்கலாம், குறைந்தபட்சம் மேப்லித்தோ எனப்படும் சாதாரண வெள்ளைத் தாளாவது போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா அந்த வாரம் விடுமுறையில் இருந்தார். முன்மேசையில் இருந்த இளைஞர் “எப்பவும் போடுற பேப்பர்தானே மேடம்” என்று முடித்துவிட்டார். நானும் மாதிரிப் பக்கத்தைக் காகிதத்தில் கேட்காமல் கைப்பேசியில் வந்த பிடிஎஃப்பைப் பார்த்துச் சரி என்று எழுதியனுப்பியிருந்தேன். படம் உள்ள எந்த நூலுக்கும் இனி அச்சிட்ட மாதிரியை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன்.

இன்னொரு குறை, அவர்களின் கட்டணப் பட்டியலில் ‘ஐஎஸ்பிஎன் பெற்றுத் தருதல்’, அதாவது நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணை வாங்கித் தருதல், என்று ஒரு தொகை இருக்கிறது. இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கும் உழைப்புக்கான கூலி என்று சொல்லிப் பணம் வாங்கினால் எனக்கு மறுப்பில்லை, எண்ணுக்கே விலை என்பதுபோல் எழுதி வைப்பதுதான் உறுத்துகிறது. மாறாக, சொந்தமாக வெளியிடுகிறவர் சட்டப்படி பதிப்பாளர் ஆகிறார் என்பதையும், 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழும்பூர் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு வெளியான 30 நாட்களுக்குள் பிரதி அனுப்ப வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. இதை ஒரு சிறு அட்டையில் ஒரு வரியாக அச்சடித்துக் கொடுத்தாலே போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஏழு நாள் என்றால் பன்னிரண்டு. டிசம்பரில் போகவே வேண்டாம். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி வருவதால் எல்லா அச்சகங்களும் பதிப்பகங்களின் பிடியில் இருக்கும், 150 பிரதிக்காரரை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மின்தூக்கி இல்லை, கட்டுகளைக் கீழே இறக்க ஆட்டோ ஓட்டுநரிடம் முன்பே பேசி வைப்பது நல்லது. பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம்.

கவிதைக்கும் சிறுவெளியீட்டுக்கும் இந்த அச்சகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், அக்கா இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். உப்பளப் படங்களை மட்டும் ஆர்ட் பேப்பரில் மறுபடி அச்சிட்டுச் செருக என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறேன். மாதிரிப் பக்கம் வெள்ளிக்கிழமை தயாராகும் என்றார்கள்; நான் திங்கட்கிழமை போவதாக இருக்கிறேன்.