சைட்மேப்பா, உள் இணைப்பா, இண்டெக்ஸ்நவ்வா?

ஒரு பக்கம் தேடல் முடிவுகளில் இடம்பெற வேண்டுமெனில், தேடுபொறி முதலில் அதன் முகவரியை அறிந்து, அதைப் படித்து, தன் அட்டவணையில் சேர்க்க வேண்டும். தரவரிசை அதற்கும் பிறகுதான். தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப் உதவுவது பெரும்பாலும் முதல் படியில் மட்டுமே. அதைச் சமர்ப்பித்ததும் தரவரிசை உயரும் என எதிர்பார்ப்பவர்கள், அதனால் தர இயலாததைக் கேட்கிறார்கள்.

உள் இணைப்புகளின் வேலை இதைவிட ஆழமானது. முகப்பிலிருந்தோ தொடர்புடைய கட்டுரையிலிருந்தோ செல்லும் இணைப்பு, முகவரியுடன் அந்தப் பக்கம் எதைப் பற்றியது, தளத்துக்குள் எவ்வளவு முக்கியமானது என்பதையும் உணர்த்துகிறது. ஏறத்தாழ 500 பக்கங்களுக்குள் அடங்கி, அனைத்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ள தளத்துக்குச் சைட்மேப் தேவைப்படாமலும் போகலாம் என்று கூகுளின் வழிகாட்டியே கூறுகிறது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட தளத்துக்கும், வெளியிலிருந்து இணைப்புகள் அதிகம் இல்லாத புதிய தளத்துக்கும் நிலைமை வேறு; அங்கே சைட்மேப் இல்லாவிட்டால் சில பக்கங்கள் நெடுங்காலம் கண்ணில் படாமலே கிடக்கக்கூடும்.

2005-இல் கூகுள் அறிமுகப்படுத்திய சைட்மேப் முறையை அடுத்த ஆண்டே யாகூவும் மைக்ரோசாஃப்ட்டும் ஏற்றன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை தரலாம். ஒவ்வொரு முகவரியுடனும் குறிக்கக்கூடிய முன்னுரிமை, மாற்ற இடைவெளி ஆகிய புலங்களைக் கூகுள் பொருட்படுத்துவதில்லை; கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும், அது தொடர்ந்து உண்மையாக இருந்தால், கணக்கில் கொள்கிறது. எதுவும் மாறாத பக்கங்களுக்கெல்லாம் அன்றைய தேதியைப் பொறிக்கும் மென்பொருள் (இது அரிதன்று) அந்த ஒரே பயனையும் கெடுத்துவிடுகிறது.

2021-இல் வந்த இண்டெக்ஸ்நவ் என்ற அறிவிப்பு முறை, பக்கம் மாறிய உடனே பிங், யாண்டெக்ஸ் போன்ற தேடுபொறிகளுக்குத் தகவல் அனுப்புவதால் வேகத்தில் சைட்மேப்பை மிஞ்சுகிறது. ஆனால் கூகுள் அதில் சேரவில்லை என்பதால், கூகுளை நம்பியிருக்கும் தளத்துக்கு அது மாற்றாகாது.

சமர்ப்பிக்கும் வழிகளிலும் வேறுபாடு உண்டு. தேடுபொறிகளுக்கான குறிப்புகள் அடங்கிய ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) ஒரு வரி சேர்த்தால் முக்கியத் தேடுபொறிகள் பலவும் சைட்மேப்பைக் கண்டுகொள்ளும். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் சமர்ப்பித்தால் கூடுதலாக அறிக்கையும் கிடைக்கும் என்பதால் இரண்டையும் செய்வதே நல்லது. பிரிவுவாரியாகத் தனித்தனிக் கோப்புகள் வைத்தால், எந்தப் பிரிவின் பக்கங்கள் படிக்கப்பட்டும் அட்டவணையில் சேரவில்லை என்பது தெரியவரும். அத்தகைய பக்கங்களுக்குச் சைட்மேப்பை மீண்டும் மீண்டும் அனுப்புவதில் பயனில்லை, திருத்த வேண்டியது பெரும்பாலும் அவற்றின் உள்ளடக்கத்தைத்தான்.