எச்சரிக்கை: ஆட்டோபைலட் கோளாறுக்கு கடைக்காரர் எஃப்எம் டவரைக் கைகாட்டினால் நம்பாதீர்கள்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்தை மேலிருந்து படமெடுக்க வீட்டிலேயே சின்ன ஆளில்லா விமானம் கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். உடம்பும் இறக்கையும் கைவேலை. விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டை மட்டும் கடையில் கொடுத்துப் பொருத்தி வாங்குவோம். ஏமாந்தது அங்கேதான். கடை கீழே சமவெளியில் இருக்கிறது. பெயர் வேண்டாம்.

விமானம் 1.9 கிலோ, இறக்கை 1.8 மீட்டர். பிக்ஸ்ஹாக் கட்டுப்பாட்டு போர்டு, எம்8என் ஜிபிஎஸ், தகவலைத் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி ரேடியோ, வீடியோ டிரான்ஸ்மிட்டர், பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து 46,500 ரூபாய். பில்லில் ‘ஆட்டோபைலட் செட் 1’ என்று ஒரே வரி. எந்த அலைவரிசை, எத்தனை மில்லிவாட் என்று ஒரு எழுத்தும் இல்லை.

கையால் ஓட்டினால் ஒழுங்காகப் பறந்தது. ஆட்டோவில் போட்டால் பாதையை விட்டு விலகியது, இறக்கை திடீர் திடீரென்று வெட்டி இழுத்தது. மூன்றாம் முறை ‘ரிட்டர்ன்’ கொடுத்தும் திரும்பாமல் சில்வர் ஓக் மரத்தில் போய் மோதியது. கடையில் சொன்ன காரணங்கள் இரண்டு: கொடைக்கானல் எஃப்எம் டவர், மூடுபனி. அதற்கு ‘ஷீல்டிங்’ (அலைத்தடுப்பு உறை) என்று மேலும் 3,200 ரூபாய் வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் சமையலறை அலுமினியத் தாளை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கிரவுண்டுக்கு ஒரு வயர்கூடப் போகவில்லை.

கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். ஜிபிஎஸ் 1575.42. எஃப்எம்மின் மடங்கு அலைகள் வந்து கெடுக்கும் என்றார்கள். கணக்குப் போட்டால் 15ஆம் மடங்கு 1507.5, 16ஆம் மடங்கு 1608. இரண்டுமே ஜிபிஎஸ்ஸில் விழவில்லை. மூடுபனியும் இந்த அலைவரிசையைத் தடுக்காது. மலையில் உண்மையான குறை வேறு: பள்ளத்தில் நின்றால் பாதி வானத்தை எதிர்மேடு மறைத்துவிடும், செயற்கைக்கோள் எண்ணிக்கை அங்கேயே குறையும். அதனால் விமானத்துக்குள் எழும் ரேடியோ இரைச்சலைச் சமவெளி விமானம் தாங்கினாலும் நம்முடையது தாங்காது.

அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்றால், 1.2 கிகாஹெர்ட்ஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டரை ஜிபிஎஸ்ஸுக்கு 6 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் சிக்னல் சுமார் மைனஸ் 130 டிபிஎம். ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பக்கத்தில் அந்த மலிவு டிரான்ஸ்மிட்டர் அலறினால் ஜிபிஎஸ்ஸுக்குள் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் திணறிப்போகும். காம்பஸும் அதே டப்பாவில்தான், அதன் அடியிலேயே பேட்டரி வயர்கள் முறுக்காமல் விரிந்து ஓடின. வயரில் ஓடும் கரண்டின் காந்தத்தால், மோட்டார் வேகம் ஏற ஏறத் திசையும் சேர்ந்து நகர்ந்தது.

இறக்கை வெட்டி இழுத்ததற்குக் காரணம் 915 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி. அதன் ஆன்டெனா சர்வோ (இறக்கை மடலை அசைக்கும் சிறு மோட்டார்) வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கால் அலைநீளத்துக்கு அருகில் நீளமுள்ள வயர் நல்ல ஆன்டெனாவாகவே வேலை செய்யும்: 915 மெகாஹெர்ட்ஸுக்கு 8 செ.மீ., 433க்கு 17 செ.மீ. வாங்கிய அலையை சர்வோவின் உள்சுற்று டிசியாக மாற்றிக்கொண்டு தானே அசைகிறது. வீட்டில் கட்டிய ஆள் ஏறும் விமானங்களிலும் இதே நோய்தான். விஎச்எஃப் ரேடியோவில் பேசப் பொத்தானை அழுத்தியதும் ஆட்டோபைலட் மூக்கைக் குத்தும். அங்கே கால் அலைநீளம் சுமார் 60 செ.மீ. அந்த அளவுக்கு ஃபெரைட் வளையம் (வயரில் ஏறும் அலையை அமுக்கும் வளையம்) நன்றாக உதவும், வயரை நாலைந்து சுற்று சுற்ற வேண்டும். ஜிபிஎஸ் அலைவரிசைக்கு அதை நம்பக் கூடாது. அங்கே மருந்து தூரம்தான்.

பணம் கொடுக்கும் முன் கடைவாசலிலேயே சோதியுங்கள். ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத் திறந்த வெளியில் வையுங்கள். போர்டும் ஜிபிஎஸ்ஸும் மட்டும் ஐந்து நிமிடம் ஓடட்டும், செயற்கைக்கோள் எண்ணிக்கையையும் எச்டாப்பையும் (இடக் கணிப்பின் துல்லியம் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டெலிமெட்ரி, அடுத்து வீடியோ, ஒவ்வொன்றாக. எங்களுடையதில் வீடியோ போட்டதும் 14 என்றிருந்தது 6 ஆனது. இந்த ஒரு சோதனை போதும், திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். காம்பஸுக்கு மட்டும் ப்ரொப்பல்லர் வேண்டும், சுமை இல்லாமல் மோட்டார் போதிய கரண்ட் இழுக்காது. விமானத்தை மேசையில் இறுகக் கட்டி, சுழலும் தளத்துக்கு நேரே யாரும் நிற்காமல், த்ராட்டிலை மெல்ல ஏற்றித் திசை எண்ணைப் பாருங்கள்.

நாங்கள் செய்த மாற்றம் இவ்வளவுதான். ஜிபிஎஸ்ஸை வாலுக்கு அருகே 35 செ.மீ. தள்ளினோம், பேட்டரி வயர்களை முறுக்கினோம், வீடியோவை 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம், டெலிமெட்ரியை 865–868 மெகாஹெர்ட்ஸுக்கு. முதல் இரண்டு வேலைக்கும் பொருட்செலவு, கடைக்காரர் வாங்கிய ‘ஷீல்டிங்’ காசில் பாதிகூட ஆகாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர்கள் விற்ற 915ம் 1.2ம் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தும் பட்டைகளே அல்ல. அதைச் சொல்லாமல் விற்றதுதான் எங்களுக்குப் பெரிய ஆத்திரம். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது ஓட்டுகிறவர்.

நுகர்வோர் உதவி எண் 1915. திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் போர்டிலுள்ள மெமரி கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கார்டு அழிக்கப்பட்டுத்தான் திரும்பி வந்தது. விழுந்த அன்று மாலையே லாகை (பறந்த பதிவை) லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்ததால்தான் கையில் ஆதாரம் இருக்கிறது.