அர்னெம் நிலத்துச் சமூகக் கடை: குழந்தைகளின் உணவை அளவுகோலாகக் கொண்டு ஒரு மதிப்பீடு

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், வட ஆட்புலம் (Northern Territory) என்ற ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த அர்னெம் நிலத்துக் கடலோரத்தில் யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்கள் வாழும் ஒரு சிற்றூரின் கடையைப் பற்றிய மதிப்பீடு இது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் கடையைப் பற்றி எழுதுவது அதன் வாடிக்கையாளர்களைப் பற்றி எழுதுவதாகவும் ஆகிவிடும் என்பதால், ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நகரத்தில் ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம். இங்கே அடுத்த கடைக்கு விமானம் ஏற வேண்டும், அல்லது மண்சாலையில் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சாலையும் மூடப்பட்டுவிடும். ஆகவே அலங்காரத்தையும் உபசரிப்பையும் ஒதுக்கிவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையும் ஒரு தாயால் கையிலிருக்கும் பணத்துக்கு எதை வாங்கிச் செல்ல முடிகிறது என்பதை மட்டுமே பார்க்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது குளிர்பானப் பெட்டியை. கதவைத் திறந்தவுடன் கண்ணுக்கு நேராக இருப்பது தண்ணீர் பாட்டில்கள். சர்க்கரை சேர்த்த பானங்கள் கீழ்த்தட்டில், சிறிய அளவுகளில் மட்டும் குளிர்கின்றன. பெரிய பாட்டில் வேண்டுமென்றால் அலமாரியிலிருந்து குளிராததைத்தான் எடுத்துப் போக வேண்டும். பணம் செலுத்தும் இடத்தில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், மிட்டாய் இல்லை. இது ஏதோ ஒரு மேலாளரின் விருப்பத்தில் பிறந்த ஏற்பாடு அன்று. 1972 முதல் இந்தப் பகுதியில் கடைகள் நடத்திவரும் அல்பா என்ற பூர்வகுடி நிறுவனம், ஆய்வாளர்களோடு சேர்ந்து 2018இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 20 கடைகளில் பாதியில் மட்டும் 12 வாரங்களுக்கு இனிப்புப் பண்டங்களின் விலைத் தள்ளுபடிகளையும் கவர்ச்சியான காட்சிப்படுத்தலையும் நிறுத்தினார்கள். விற்ற உணவிலும் பானத்திலும் இருந்த சேர்க்கைச் சர்க்கரை, மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டால், 2.8% குறைந்தது, கடைகளின் லாபத்துக்குப் பாதிப்பு வரவில்லை. எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் எதையும் தடை செய்யாமல், யாருக்கும் அறிவுரை சொல்லாமல், தள்ளுபடியை நிறுத்தி அலமாரியின் அடுக்கை மாற்றியதால் மட்டும் கிடைத்த குறைவு அது என்பதால் எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

காய்கறிப் பகுதியைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வட ஆட்புலத்தின் தலைநகரான டார்வினிலிருந்து சரக்குப் படகு வந்த மறுநாள் போனால் கேரட், முட்டைக்கோஸ், ஆப்பிள், வெட்டி வைத்த தர்பூசணி என்று எந்த நகரக் கடைக்கும் குறையாத அளவில் இருக்கும். அடுத்த படகுக்கு முந்திய நாள் போனால் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாடிய கீரையும்தான் மிஞ்சியிருக்கும். இதில் குற்றம் முழுவதும் தூரத்துடையது அன்று. வெகுநாள் தாங்கும் காய்களைப் பின்னறையில் நிறுத்திவைத்து வாரத்தின் இரண்டாம் பாதியில் வெளியே எடுத்தால், உதவித்தொகை தாமதமாகக் கைக்கு வரும் குடும்பங்களுக்கும் நல்ல காய் கிடைக்கும். உறைய வைத்த பட்டாணியும் கலவைக் காய்களும் தீராமல் இருப்பது ஓரளவு ஈடுசெய்கிறது.

விலை இன்னும் வலிக்கிறது. சரக்குக் கூலி, எல்லாக் குளிர்பெட்டிகளுக்குமான மின்செலவு, ஊழியருக்கு வீடு ஆகிய எல்லாம் ஒரு டப்பா மாவின் மேல் ஏறுகின்றன. பழம் காய்கறிகளுக்கு 20% விலை குறைத்தால் என்ன ஆகும் என்று வட ஆட்புலத்தின் 20 தொலைதூரச் சமூகங்களில் முன்பே சோதித்திருக்கிறார்கள். வாங்கும் அளவு 12.7% கூடியது. 2025 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் திட்டம், 150க்கும் மேற்பட்ட தொலைதூரக் கடைகளில் 30 அத்தியாவசியப் பொருள்களை நகர விலைக்குத் தர முற்படுகிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பசியாற்றும் பண்டங்கள் 30க்குள் அடங்குவதில்லை. ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து உண்ணும்போது, பட்டியலுக்கு வெளியே உள்ள பொருள்களின் விலைதான் இரவுச் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது.

கடையில் நான் அதிக நேரம் நின்று பார்த்தது குழந்தைகளுக்கான வரிசையை. வட ஆட்புலத்தின் தொலைதூரச் சமூகங்களில் சிறு குழந்தைகளின் இரத்தசோகை நெடுங்காலமாகத் தொடரும் பிரச்சினை. தாய்க்கே இரும்புச்சத்து குறைவு, குறைப்பிரசவம், ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்புள்ள திட உணவு தாமதமாவது, அடிக்கடி வரும் தொற்று என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகவே இந்த வரிசையில் இரும்புச்சத்து சேர்த்த தானிய உணவு இருக்கிறதா என்பது சாதாரணக் கேள்வி அன்று. இருந்தது, அதுவும் டயப்பருக்குப் பக்கத்திலேயே, தவறாமல் கண்ணில் படும் இடத்தில். குறை இறைச்சிப் பெட்டியில் இருக்கிறது: கொத்திய மாட்டிறைச்சி பெரிய பொட்டலங்களில் மட்டுமே கிடைக்கிறது. அன்றைக்கே சமைத்துத் தீர்க்கும் அளவில் சிறு பொட்டலம் வேண்டும்.

ஏன் அன்றைக்கே என்று கேட்பவர்கள் அந்த வீடுகளின் மின்சாரத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். இங்கே மின்சாரம் முன்பணம் கட்டிப் பெறுவது. அட்டையில் பணம் தீர்ந்தால் விளக்கோடு குளிர்பெட்டியும் நின்றுவிடும். 2018-19இல் வட ஆட்புலத்தின் 28 தொலைதூரச் சமூகங்களில் நடந்த ஆய்வில் 91% வீடுகள் ஒரு முறையாவது இப்படித் துண்டிக்கப்பட்டிருந்தன. 74% வீடுகளில் பத்து முறைக்கும் மேல். கடும் வெயில் நாள்களில் இது இன்னும் கூடியது. 1987இலேயே தெற்கே, பித்ஜந்த்ஜாரா என்ற பூர்வகுடி மக்களின் நிலங்களில் நடந்த ஆய்வு, உணவைச் சேமிக்கவும் தயாரிக்கவும் சமைக்கவும் வீட்டில் வசதி இருப்பதை உடல்நலத்துக்குத் தேவையான ஒன்பது நடைமுறைகளில் ஒன்றாக வகுத்தது. எரியாத அடுப்பும் ஒழுகும் குழாயும் உள்ள வீட்டுத் தாயிடம் ஊட்டச்சத்துத் துண்டறிக்கையை நீட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கடை தன்னால் இயன்றதைச் செய்கிறது: சூடான உணவு விற்கும் சாளரத்தில் பொரித்த பண்டங்களுக்கு முன்னால் இறைச்சியும் காயும் போட்ட குழம்பையும் சோற்றையும் வைத்திருக்கிறார்கள், அது மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது முறையும் சமைத்தால் விற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பணம் வாங்கும் இருவரும் உள்ளூர்ப் பெண்கள். வயதான பாட்டி ஒருவர் பால் மாவு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நின்றபோது, அவர்களில் ஒருவர் எழுந்து போய் அவர் மொழியிலேயே விளக்கி, பேரனின் வயதுக்கு அது ஏற்றதல்ல என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். வெளியிலிருந்து வரும் எந்த நிபுணரின் வகுப்பாலும் அந்த இரண்டு நிமிடங்களுக்கு ஈடு சொல்ல முடியாது. இந்த ஊரார் இன்றும் கிழங்கும் நண்டும் மீனும் தேடிச் செல்பவர்கள். படகுக்கும் வண்டிக்கும் எரிபொருள் இருந்தால் குழந்தைகளுக்குக் கிடைக்கும் புரதம் கடை தருவதைவிடப் புதியது. அதனால் தூண்டில், வலை, வெளியில் சமைக்கும் பெரிய இரும்புப் பாத்திரம் ஆகியவற்றைக் கடை நியாய விலையில் வைத்திருப்பதையும் ஊட்டச்சத்துக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

செவிலியராகவோ ஆசிரியராகவோ ஒப்பந்தத்தில் இத்தகைய ஊர்களுக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு நகரச் சம்பளமும் டார்வினிலிருந்து உணவுப் பெட்டி வரவழைக்கும் வசதியும் உண்டு. படகு வந்த நாளில் கூடை நிறையக் கீரையும் தக்காளியும் அள்ளாமல், அரிசி, பருப்பு, உலர்ந்த சாமான்களைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் வாங்குவதானால் வாரக் கடைசியிலும் தீராமல் இருக்கும் பொருள்களை வாங்குங்கள்.