குளத்துக்கும் கரைக்கும் எந்த சைரன்? வன்னிக் கிராமங்களுக்கான மதிப்பீடு

கமக்காரர் அமைப்போ கடற்றொழிலாளர் சங்கமோ எச்சரிக்கை சைரன் வாங்கப் போனால் மூன்று வகையைக் காட்டுவார்கள்: மூன்று பேஸ் (மும்முனை மின்) மோட்டரில் சுழல்வது, பற்றரியில் இயங்கும் மின்னணு சைரன், கையால் சுற்றுவது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆற்றோரக் கிராமங்களுக்கும் கடற்கரைக் கிராமங்களுக்கும் மின்னணு சைரன்தான் சரி. அதுவும் குளக்கட்டில் பெரிதாக ஒன்று வைப்பதை விட்டு, ஊருக்குள் நடுத்தரமானவை பல வைக்க வேண்டும். மோட்டர் சைரன், மூன்று பேஸ் இணைப்பு ஏற்கனவே உள்ள பட்டினத்துக்கு மட்டும். கைச்சைரன் எல்லா ஊருக்கும், வேறு எதை வாங்கினாலும் கூடவே.

பெட்டியில் ‘5 கிலோமீற்றர் வரை கேட்கும்’ என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. கேட்க வேண்டிய எண் டெசிபெல், அதாவது ஒலியின் அளவு. அதையும் எத்தனை மீற்றர் தூரத்தில் அளந்தது என்று சேர்த்தே கேட்க வேண்டும். முறையான தயாரிப்பாளர் 30 மீற்றரில் (100 அடியில்) அளந்த எண்ணைக் கொடுப்பார். மலிவுச் சரக்கில் 1 மீற்றரில் அளந்ததைப் போட்டிருப்பார்கள். 1 மீற்றரில் 120 டெசிபெல் என்பது 30 மீற்றரில் கிட்டத்தட்ட 90 தான். இரண்டு பெட்டியிலும் 120 என்றே எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் வலிமைக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அங்கிருந்து கணக்கு எளிது. மரம், வீடு, தரை எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் பொதுவாக எடுப்பது, தூரம் இரட்டிக்க இரட்டிக்க 10 டெசிபெல் குறையும் என்ற கணக்கை. 30 மீற்றரில் 115 டெசிபெல் தரும் சைரன் 60 மீற்றரில் 105, 120இல் 95, 240இல் 85, 480இல் 75 என்று இறங்கும். வெளியில் நிற்பவரின் காதில் விழ 70 வேண்டுமென்று வைத்தால் எல்லை ஏறத்தாழ 680 மீற்றர். அதே கணக்கில் 5 கிலோமீற்றரில் 70 டெசிபெல் கிடைக்க, 30 மீற்றரில் 144 இருக்க வேண்டும். 1950களில் அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 180 குதிரைவலு வி8 எஞ்சினைப் பூட்டிச் செய்த வான்தாக்குதல் சைரனே 138 டெசிபெல்தான் தந்தது. 3 குதிரைவலு மோட்டருக்கு 5 கிலோமீற்றர் என்பது வெறும் விளம்பரம்.

இனி நம்முடைய நிலத்துக்கு வருவோம். மாரியில் வெள்ளம் வருவதும் வாடை வீசுவதும் ஒரே காலம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டு ஊர்களுக்குத் தெற்கே இருக்கிறது. வான்கதவு திறந்தால் தண்ணீர் இறங்கும் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் வடக்கும் வடகிழக்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே கட்டில் ஊதும் சைரனின் சத்தம் காற்றை எதிர்த்தே ஊருக்குப் போக வேண்டும். தரையோரம் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுவதால், எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். சில நூறு மீற்றருக்கு அப்பால் தரையில் ஒலிநிழல், அதாவது ஒலி மங்கும் இடம், விழும். அங்கே 20 டெசிபெல் வரை இழக்கலாம். சைரனின் வலிமையைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது, இடத்தை மாற்றித்தான் சரிக்கட்டலாம். 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொட்டியதைப் போன்ற மழையில் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் பேசுவதே கேட்காது. வெளிப்புற சைரன் வெளியில் நிற்பவருக்கென்று செய்யப்பட்ட கருவி. மழை இரவில் உள்ளே தூங்குபவரையும் எழுப்ப வேண்டுமென்றால் 70 போதாது, வீட்டு முற்றத்தில் 80 ஆவது வேண்டும். 115 டெசிபெல் சைரனுக்கு அந்த எல்லை 340 மீற்றர். கம்பத்துக்குக் கம்பம் 600 முதல் 700 மீற்றர் என்று நாங்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

விற்பவர் செய்து காட்டும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். விடியற்காலையிலும் காற்றில்லாத இரவிலும் தரையோரக் காற்று குளிர்ந்திருக்கும், ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். நண்பகலில் சூடான தரைக்கு மேலே அது மேல்நோக்கி வளையும். நண்பகல் 12 மணிக்கு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் நின்று கேட்ட பிறகே பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்க வேண்டும்.

மோட்டர் சைரன் எளிய இயந்திரம். துளையிட்ட உருளை ஒன்று, அதே அளவு துளைகள் கொண்ட அசையாத கூட்டுக்குள் சுழன்று காற்றை வெட்டி வெட்டி விடுகிறது. நிமிடத்துக்கு 2850 சுற்று, 10 துளை என்றால் தொனி 475 ஹேர்ட்ஸ். இது நல்ல தொனி. 400க்கும் 600க்கும் இடைப்பட்ட ஒலி மரம் செடிகளைத் தாண்டி, கூரிய தொனியைவிடத் தூரம் போகும். 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பழைய சைரனை இங்கே 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்தாகும், தொனியும் வலிமையும் சேர்ந்து இறங்கும். அப்படியான சரக்கை மலிவென்று வாங்க வேண்டாம்.

சிக்கல் கறண்டில்தான். 3 குதிரைவலு மோட்டர் ஓடும்போது பேஸுக்கு 5 அம்பியர் அளவே இழுக்கும், கிளம்பும்போது 30ஐத் தொடும். ஜெனரேற்றரில் நேரே கிளப்ப 10 கேவிஏ வலு தேவை. புயலில் முதலில் விழுவது மின்கம்பி, பிறகு யாராவது வெள்ளத்தில் இறங்கிப் போய் ஜெனரேற்றரை இயக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பூட்டினால் ஒற்றைப் பேஸ் 230 வோல்ட்டிலிருந்தே மோட்டரை டெல்ட்டா இணைப்பில் மெதுவாகக் கிளப்பலாம், 5 கேவிஏ ஜெனரேற்றரும் போதும். ஆனால் சத்தம் கூடட்டுமென்று 50 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒருபோதும் திருகக் கூடாது. வார்ப்பு உருளை அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல, சிதறினால் உயிர் போகும்.

மோட்டர் சைரன் பழுதாவது பெரும்பாலும் ஓடாமல் கிடப்பதால். உருளைக்கும் கூட்டுக்கும் இடைவெளி மிகச் சிறியது. குளவி மண்ணால் கூடு கட்டினாலோ கடற்கரை உப்பில் துருப்பிடித்தாலோ அது இறுகிவிடும். இறுகிய மோட்டருக்கு மின் கொடுத்தால் சுருள் எரியும். ஒரு பேஸ் பியூஸ் மட்டும் போய் மற்ற இரண்டில் ஓடினாலும் எரியும். ஓவர்லோட் ரிலேயும் பேஸ் இழப்பு ரிலேயும் இல்லாத ஸ்டார்ட்டர் பெட்டியை ஏற்கவே கூடாது. மாதம் ஒருமுறை சில விநாடி ஓட்டுங்கள். மாரிக்கு முன் சுருளின் காப்புத் தடையை அளந்து, 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் காய வைத்த பிறகே பாவியுங்கள்.

மின்னணு சைரனில் ஆம்ப்ளிஃபயர் ஒலியைத் தர, ஹோன்கள் (ஒலிபெருக்கிக் குழல்கள்) அதை வெளியே தள்ளுகின்றன. நாங்கள் சிபாரிசு செய்வது 100 வாட் ஹோன் எட்டு, மொத்தம் 800 வாட், 30 மீற்றரில் 115 டெசிபெல் அளவு தரும் வகை. 24 வோல்ட்டில் முழு வலிமையில் ஊதும்போது ஏறக்குறைய 39 அம்பியர் இழுக்கும். பயமாகத் தோன்றும், ஆனால் 3 நிமிட ஊதலுக்கு 2 அம்பியர்-மணிதான் செலவு. பற்றரியைத் தின்பது காத்திருக்கும் நேரம். கட்டுப்பாட்டுப் பலகையும் றேடியோவும் சேர்ந்து 6 வாட் எடுத்தால் நாளொன்றுக்கு 6 அம்பியர்-மணி போகும். பத்து நாள் சூரியன் முகம் காட்டாவிட்டால் 60. 100 அம்பியர்-மணிப் பற்றரியில் மிச்சம் 40, அதிலிருந்து 39 அம்பியரை இழுத்தால் வோல்ட்டளவு சரிந்து கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வெள்ளம் வருவது சரியாக அந்தப் பத்தாம் நாளில்தான். விற்பவர் 200 வாட் சோலார் பனல் போதும் என்பார். கார்த்திகை மாதத்து மூடிய வானத்தில் அது காத்திருப்புச் செலவையே மட்டுமட்டாக ஈடுகட்டும். 300 வாட்டுக்குக் குறைய வேண்டாம். பனை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் பனலின் வலிமை வெகுவாகக் குறையும் என்பதால் கம்பத்தின் இடத்தைப் பின்னேர வெயிலிலும் பார்த்து முடிவெடுங்கள்.

ஈயப் பற்றரியின் ஆயுள் 25 பாகை வெப்பத்துக்குச் சொல்லப்பட்டது, அதற்கு மேல் 10 பாகை ஏற ஏற ஆயுள் பாதியாகும். சித்திரை, வைகாசி வெயிலில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி உள்ளே வெந்துவிடும். வெள்ளை நிறம் அடித்து, மேலே தனி நிழற்கூரை போட்டு, கீழும் மேலும் காற்றுத் துளை வைத்து, துளைகளைத் துருப்பிடிக்காத சல்லடையால் மூட வேண்டும். சல்லடை இல்லாவிட்டால் பல்லியும் எறும்பும் பலகையில் ஏறிச் சுற்றைக் குறுக்கிணைத்துவிடும். லித்தியம் பெர்ரோ பொஸ்பேற் பற்றரி சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும்; ஆனால் அதன் காப்புச் சுற்று தொடர்ந்து 50 அம்பியரையாவது விடுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பற்றரியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயரைக் கம்பத்தின் உச்சியில் வைத்து, 12 மீற்றர் கீழிருந்து 6 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 24 வோல்ட்டை ஏற்றினால் வழியிலேயே 2.7 வோல்ட் போய்விடும். ஹோன்களுக்குப் போகும் கம்பி 1.5 சதுர மில்லிமீற்றர் போதும், ஒவ்வொரு ஹோனுக்கும் தனித்தனியாக.

ஹோன்களை நான்கு திசைக்கும் சமமாகப் பரப்பித் தருவதுதான் வழமை. ஆற்றோர ஊர் நீளமாகக் கிடப்பதால் நான்கை ஒரு பக்கமும் நான்கை மறுபக்கமும் திருப்பச் சொல்லுங்கள். வாய் சற்றுக் கீழ்நோக்கட்டும், தண்ணீர் தேங்காது. உயரம் 10 மீற்றருக்குக் குறையக் கூடாது; பள்ளிக்கூட மேல்மாடி யன்னலுக்கு நேரே வைக்கவே கூடாது. காட்டோரத்தில் யானை உரசாத இடமா என்று ஊரவரைக் கேட்டுத்தான் குழி வெட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழை மின்னணு சைரனின் முதல் எதிரி. உச்சி ஹோனுக்கு மேல் ஒரு மீற்றர் உயர இடிதாங்கி, 10 ஓமுக்குக் குறைந்த நிலத்தொடுப்பு, பனல் கம்பிக்கும் அன்ரெனாவுக்கும் தனித்தனி அதிமின் தடுப்பான். நிலத்தொடுப்பை ஆவணி வறட்சியில் அளக்க வேண்டும். ஈரமண்ணில் அளந்த எண் நல்லதாகவே வரும், காய்ந்ததும் அது நில்லாது.

இயக்கும் வழியில்தான் விலைப்பட்டியல்கள் அதிகம் ஏமாற்றுகின்றன. ‘கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் இயக்கலாம்’ என்பது நல்ல வசதி, ஆனால் ஒரே வழியாக இருக்கக் கூடாது. 2025 நவம்பர் டித்வா புயலின்போது கறண்டும் தொலைபேசியும் சேர்ந்தே போன இடங்களை வடக்கு பார்த்தது. விஎச்எஃப் றேடியோ வழி ஒன்று, கம்பத்தடியில் பூட்டிய பெட்டிக்குள் கையால் அழுத்தும் பொத்தான் ஒன்று, இரண்டும் கட்டாயம். றேடியோ குறியீடு மாறாத ஒரே தொனியாக இருந்தால், கேட்டுப் பதிந்தவர் எவரும் திரும்ப ஒலிக்கவிடலாம். 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் டலஸ் நகரத்தின் 156 சைரன்களையும் நள்ளிரவை ஒட்டி யாரோ றேடியோ வழியாக அலறவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மாறும் மறைகுறி உள்ளதையே வாங்குங்கள்.

மோட்டரைவிட மின்னணு சைரன் விலை பல மடங்கு. அந்த வித்தியாசம், அது வாக்கியமாகப் பேசும் குரலுக்காகவே தகும். கடற்கரையில் சுனாமி என்றால் உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும். குளம் திறந்து களப்பு நிரம்பினால் தண்ணீர் அந்த உள்நாட்டுப் பக்கத்திலிருந்தே வரும். நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்போர இடத்தில் ஒரே ஊளையை இரண்டுக்கும் வைத்தால் சனம் தண்ணீரை நோக்கியே போகக்கூடும். 2023 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஹவாயில், மாவுயி தீவின் லஹைனாவில் காட்டுத்தீ வந்தபோது சைரனை ஊதாததற்கு அதிகாரி சொன்ன காரணமும் இதுதான்: சனம் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம், தீ இருந்த பக்கம், ஓடியிருக்கும் என்றார். தொனி சனத்தை எழுப்புவதற்கு, குரல் எந்தப் பக்கம் போவது என்று சொல்வதற்கு. தொனியும் ஏறி இறங்கும் ஊளையாக வேண்டாம். குண்டுவீச்சுக்குப் பங்கருக்குள் ஓடிய சனம் வாழும் மண் இது. 3 நிமிடம் ஒரே சீராக ஊதட்டும். குரலின் தெளிவு தொனியின் தூரத்துக்குப் போகாது. அதன் உயிர் இருப்பது 1000 முதல் 4000 ஹேர்ட்ஸில், அது விரைவில் தேயும். வாக்கியம் ஐந்தாறு சொல்லுக்குள் இருக்கட்டும்: ‘வான்கதவு திறக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.’ 700 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள் ஒன்றாகப் பேசினால் ஒன்றின் சொல் மற்றதைவிட 2 விநாடி பிந்தி வந்து குழம்பும். ஒற்றை எண் கம்பங்கள் பேசி முடித்த பிறகு இரட்டை எண் கம்பங்கள் பேசும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

கைச்சைரன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டுவது சில நூறு மீற்றர், பற்றரி வேண்டாம், உழவு இயந்திரத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டே ஒழுங்கைக்குள் போகலாம். பல்லுச்சக்கரத்துக்கு வருடம் ஒருமுறை கிரீஸ். கிராம அலுவலர் பணிமனையிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் ஒவ்வொன்று இருக்கட்டும்.

வாங்கும் முன் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் பேசி, யார் சொன்னால் யார் அழுத்துவது என்பதை எழுதி வையுங்கள். ஓர்டரிலேயே உதிரிப்பாகங்களையும் சேருங்கள்: ஹோன் டயஃப்ரம் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்று, அதிமின் தடுப்பான் ஒரு தொகுதி, பியூஸ் ஒரு பெட்டி. ஒவ்வொரு ஹோனிலும் மின்னோட்டத்தை அளந்து பார்க்கும் சத்தமில்லாச் சோதனை வசதியும் அதே ஓர்டரில் இருக்க வேண்டும். அது இல்லாத கருவியில் எட்டில் மூன்று ஹோன் செத்திருந்தாலும் கீழே நிற்பவருக்குத் தெரியாது, ஐந்து ஹோனின் சத்தமே காதைப் பிளக்கும்.