டிடெக்டர், காந்தம், சல்லடை: பழைய காசு தேட எது உருப்படி?

பழைய காசு பைத்தியம் புடிச்ச எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்னுதான். நானும் அப்படித்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேரட் ஏஸ் 250 வாங்கினேன். அதுக்கப்புறம் காந்தம், சல்லடைன்னு மூணையும் புழங்கிப் பாத்தாச்சு, அதான் சொல்றேன்.

காந்தத்த முதல்லயே முடிச்சிடுறேன். கயித்துல நியோடிமியம் காந்தத்த கட்டி கிணத்துல விட்டு இழுக்கிறதெல்லாம் வீடியோல பாக்க ஜோரா இருக்கும். ஆனா செம்பு, வெள்ளி, ஈயம், தங்கம் எதுவும் காந்தத்துல ஒட்டாது, ராஜராஜன் காசு மேலயே அது உக்காந்திருந்தாலும் சும்மாதான் மேல வரும். ஒட்டுறது இப்போ புழங்குற ஸ்டீல் ரூபாய், அப்புறம் புலி போட்ட 1947 நிக்கல் ரூபாய் மாதிரி சிலது. எனக்கு கிடைச்சது ரெண்டு வாளிக் காதும் ஒரு கப்பிக் கொக்கியும்.

டிடெக்டர் கதை வேற. மிஷினோட கம்பிச் சுருள்ல (காயில்) இருந்து போற காந்தப்புலம் மண்ணுக்குள்ள இருக்கிற உலோகத்துல சின்னதா ஒரு மின்சாரத்த கிளப்பிவிடும், அது திருப்பி அனுப்புற சிக்னல வச்சு மிஷின் இரும்பா செம்பான்னு ஊகிக்கும், ஊகம்தான். என் மிஷின் பெரிய செம்புக் காசுன்னா ஒரு சாண் ஆழம் வரைக்கும் கத்தும், ஆனா நம்ம நாயக்கர் காலத்து துக்கடா செம்புக் காசுக்கு நாலு விரக்கடை தாண்டினா சத்தமே வராது. செம்மண்ணுல இரும்புச் சத்து வேற, அதுவா கத்தும் அதுவா அடங்கும்.

மாமாவோட கொல்லையில, ஒரு காலத்துல மாட்டுச் சந்தை நடந்த இடம், அவர்ட்ட கேட்டுட்டுதான் எறங்கினேன். காலைல ஆறரைல இருந்து பத்து மணி வரைக்கும் பீர் மூடி, குட்கா கவர், பட்டாசுத் தாள், லாடம், லாட ஆணி, மறுபடி பீர் மூடி. "என்னடா மாப்ள, டாஸ்மாக்க தோண்டுறியா"ன்னு மாமா கிண்டல் பண்ணிட்டு இருக்கும்போதுதான் பச்சை ஏறின ஒரு வட்டம் வந்துச்சு, எச்சில் தொட்டு தடவினா சிங்கம், கீழ 1808. கிழக்கிந்தியக் கம்பெனியோட 10 காசு, பர்மிங்ஹாம்ல அடிச்சு மெட்ராஸுக்கு அனுப்பினது (இதே காச ஏத்திட்டு வந்த அட்மிரல் கார்ட்னர்னு ஒரு கப்பல் 1809ல இங்கிலாந்து கரையிலயே முங்கிப்போச்சு, அந்தக் காசு இன்னிக்கும் விலைக்கு வருது).

ஆனா என் ஓட்டு சல்லடைக்குத்தான். கரூர் அமராவதி ஆத்துல மாக்கோதைன்னு சேர ராஜா பேர் போட்ட வெள்ளிக் காசெல்லாம் வெளிய வந்தது ஆத்து மணல்ல இருந்துதான், தண்ணியே நமக்காக பாதி வேலைய செஞ்சு வச்சிடுது. வெள்ளம் வடிஞ்சதும் படித்துறை ஓரமா போய் மண்ண சல்லடைல போட்டு அலசுங்க. சங்க காலச் சதுரக் காசு கூழாங்கல்லு மாதிரியே இருக்கும், கையில எடுத்தா கனம் காட்டிக்குடுத்துடும். பேட்டரி வேணாம், முதுகு மட்டும் கழண்டுடும்.

ஒரு விஷயத்துல மூணும் ஒண்ணுதான். 1878 புதையல் சட்டம் இன்னும் உசுரோட இருக்கு, மண்ணுல மறைஞ்சு கிடந்து எடுத்தது 10 ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும். இங்கிலாந்துல புதையல் கணக்குல வர்ற பொருளுக்கு 14 நாள் கெடு, ஆனா அங்க ஆளுங்க ஒழுங்கா போய் சொல்றாங்க, நம்மாளுங்க கமுக்கமா நகைக்கடைக்கு போறாங்க. தொல்லியல் துறை போர்டு வச்ச இடம், கோயில் திடல், பானை ஓடு சிதறிக் கிடக்குற மேடு, இங்கெல்லாம் எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. காசு எந்த மண் அடுக்குல கிடந்துச்சுங்கறதுலதான் காலமே தெரியும், நாம நோண்டி எடுத்துட்டா அப்புறம் அது வெறும் செம்புத் துண்டு.

என் டிடெக்டர் இப்போ மாமா வீட்டு பரண்ல கிடக்கு. போன மாசம் நடவுக்கு வந்த அக்காவோட கொலுசு வரப்புல விழுந்துடுச்சுன்னு எடுத்துட்டுப் போனாங்க, பத்தே நிமிஷத்துல கிடைச்சிடுச்சாம்.